வெடை திரும்பி வந்த மூலை

மறுபடியும் அங்கேதான் போகிறது. முட்டைகள் இருக்கிற இடத்துக்கு இல்லை, முட்டைகள் இருந்த இடத்துக்கு. பின்னறை வாசலில் நிற்கிற என் காலை உரசிக்கொண்டு, இறகெல்லாம் சிலிர்த்து, இருக்கிற உடம்பு இரண்டு மடங்காகி, கொக் கொக் கொக் என்று அடிக்குரலில் யாரையோ வைதபடி உள்ளே நுழைகிறது. புதுக் கட்டிலின் காலைச் சுற்றிக்கொண்டு மூலைக்குப் போகிறது. வெறும் தரையில் உட்காருகிறது. உட்கார்ந்து, மார்பை இப்படியும் அப்படியும் அசைத்து, அலகை நீட்டி, அங்கே இல்லாத ஒரு முட்டையை வயிற்றுக்கடியில் இழுத்துவிட்டுக்கொள்கிறது. துடைத்த தரை, ஃபினாயில் வாசனை இன்னும் போகவில்லை, அவரே குனிந்து துடைத்திருக்கிறார், கல்யாணம் ஆன நாளிலிருந்து துடைப்பத்தின் எந்த முனையைப் பிடிப்பது என்று தெரியாத மனிதர், இன்றைக்குப் பார்த்து, என்னைக் கேட்காமல், மூலை முடுக்கு விடாமல் துடைத்திருக்கிறார். முட்டைகள் வெளியே மோட்டார் ஷெட்டில் இருக்கின்றன. கூடையோடு, வைக்கோலோடு, இடிக்குக் கெடாமல் இருக்கட்டும் என்று நான் போட்டு வைத்த இரும்புத் துண்டோடும் கரித்துண்டோடும் அங்கே கிடந்து குளிர்ந்துகொண்டிருக்கின்றன. கார்த்திகை மாதம். காலையிலிருந்து தூறல் விட்டு விட்டுப் போடுகிறது, ஷெட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர், நாலாவது பக்கம் காற்று.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை நான் மாவு மில்லுக்குப் போய் வந்து. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இது எழுந்திருக்கும். எழுந்து, தின்று, தண்ணீர் குடித்து, வயிற்றில் அடக்கி வைத்ததையெல்லாம் ஒரே கும்பலாக, தெருவே மூக்கைப் பிடிக்கிற மாதிரி கழித்துவிட்டு, கொஞ்சம் மண்ணில் புரண்டு, பிறகு ஓட்டமாக ஓடி வந்து உட்கார்ந்துவிடும். அடையில் இருக்கிற கோழிக்கு அது ஒன்றுதான் வெளியுலகம். நான் அதைத் திறந்துவிட்டுத்தான் மில்லுக்குப் போனேன். அவர் அந்த நேரத்தைப் பார்த்திருக்கிறார். கோழி உட்கார்ந்திருக்கும்போது கை வைத்தால் கொத்தும், அதனால் எழுந்து போகிற வரைக்கும் காத்திருந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டில் வைத்துவிட்டு, நாடார் கடையிலிருந்து வந்த இரும்புக் கட்டிலை மூலையை ஒட்டிப் போட்டு, மெத்தை விரித்து, தலையணைக்கு உறை மாட்டி, எல்லாம் முடித்து, நான் மாவுத் தூக்கோடு உள்ளே வந்தபோது வேட்டி நுனியில் கை துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "ஒண்ணு கூட உடையல, பாத்தியா? பூ மாதிரி தூக்கிட்டுப் போய் வச்சேன்." உடையவில்லை. அதுதான் அவருக்குக் கணக்கு. பொருள் உடையாமல் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. அது வேறு இடத்தில் உயிரோடு இருக்குமா என்பது அவர் தலையில் உதிக்கிற கேள்வியே இல்லை.

அக்கா வருகிறார்கள். அவருடைய அக்கா, சண்முகக்கனி மதினி. கண்ணில் புரை, நாளை மறுநாள் இங்கே ஆபரேஷன், அதற்கப்புறம் பத்து நாளாவது தங்க வேண்டும். இது அவருக்குப் போன மாதமே தெரியும். எனக்கு இன்று காலையில் சொன்னார், நான் இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தபோது, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். "அக்கா இன்னைக்கு மூணு மணி பஸ்ஸுல வர்றா. பின்ரூமை ஒழிச்சிரணும்." நான் சொன்னேன், கோழி அங்கே அடையில் இருக்கிறது, குஞ்சு பொரிக்க இன்னும் நாலைந்து நாள்தான், மதினியை நம் அறையில் படுக்க வைப்போம், நீங்கள் கூடத்தில் படுங்கள், நான் எங்கேயாவது படுத்துக்கொள்கிறேன் என்று. எவ்வளவு தெளிவாகச் சொன்னேன். அவர் "ம்" என்றார். செய்தித்தாளைத் திருப்பினார். அந்த "ம்" என்னவென்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா? தெரியும். அது சம்மதம் இல்லை. நீ பேசி முடித்துவிட்டாய், எனக்குக் கேட்டுவிட்டது, இனி நான் நினைத்ததைச் செய்யப் போகிறேன் என்கிற ஓசை. தெரிந்தும் தூக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும். இல்லை, என்னை ஏன் சொல்ல வேண்டும்? வீட்டை விட்டு ஒரு அரை மணி நேரம் வெளியே போனதற்கெல்லாம் ஒருத்தி தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டுமா?

குனிந்து தூக்குகிறேன். கொத்துகிறது, கொத்தட்டும். கையில் எடுத்தால் அடிவயிறு கொதிக்கிறது, அங்கே இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, சிவந்து, ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரி. இந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் அந்த முட்டைகள் மேல் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, கேட்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஷெட்டுக்குப் போய்க் கூடையில் இறக்குகிறேன். நிற்கிறது. முட்டைகளைப் பார்க்கிறது. தன் முட்டைகளை, இவ்வளவு நாளாகத் தன் வயிற்றால் சூடேற்றி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு வைத்த முட்டைகளை, யாரோ வைத்துவிட்டுப் போன கூழாங்கற்களைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறது. தாவிக் குதிக்கிறது. தூறலில் நனைந்துகொண்டு நேராகப் பின்னறைக்கு ஓடுகிறது. இது மூன்றாவது தடவை. நான் ஷெட்டில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முட்டைகள் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். ஓரத்தில் இருப்பவை சில்லென்று இருக்கின்றன. நடுவில் இருப்பவற்றில் இன்னும் கொஞ்சம் சூடு.

"என்ன டீச்சர், வெடை எந்திரிச்சிருச்சா?" சுவருக்கு மேலே மரியபுஷ்பத்தின் தலை. பக்கத்து வீடு. மழைக்குத் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருக்கிறாள். அவள்தான் ஆரம்பத்திலேயே சொன்னாள், முதல் வருஷத்து வெடையை நம்பி முட்டை வைக்காதீர்கள், சின்னக் கோழிக்கு நிலைப்பு இருக்காது, பாதியில் எழுந்து ஓடிவிடும் என்று. "எந்திரிக்கலை, புஷ்பம். எழுப்பிட்டாங்க." "யாரு, சாரா?" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரிட்டயர்டான ஆம்பளைங்கள வீட்ல வச்சா இப்படித்தான். எங்க வீட்டுக்காரரு ரிட்டயர்டான மறுநாளே அஞ்சறைப்பெட்டிய மாத்தி அடுக்குனாரு. ஒரு வாரம் சீரகம்னு நெனச்சு சோம்பப் போட்டு ரசம் வச்சேன். நல்லாருக்குன்னு குடிச்சாரு மனுசன்." நான் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறியது. "பகல்லயா எடுத்து வச்சாரு? ஐயையோ. ராத்திரி இருட்டுல கோழியோட சேத்துத் தூக்கி வச்சிருந்தாலாச்சும் விடியுறதுக்குள்ள பழகியிருக்குமே. பஞ்சாரத்தைப் போட்டுக் கமுத்திப் பாருங்க டீச்சர். வேற போக்கில்லன்னா உக்காந்துரும்." பஞ்சாரம் அவளிடம்தான் இருக்கிறது. கோழியைக் கவிழ்த்து மூடுகிற அந்தப் பெரிய மூங்கில் கூடையைச் சுவருக்கு மேலாக நீட்டினாள்.

பாதியில் எழுந்து ஓடுகிற கோழி இல்லை இது. எனக்குத் தெரியும். இது அடை கேட்க ஆரம்பித்தபோது நான் உடனே முட்டை வைக்கவில்லை. முதலில் கறுப்பி உட்கார்ந்தது, இதோடு பிறந்ததுதான், அதுவும் வெடை. அது பாவனைக்கு உட்காரும், தீவனத் தட்டுச் சத்தம் கேட்டால் ஓடி வரும், தெருவில் ஆடு கத்தினால் எட்டிப் பார்க்கும். அதற்கு முட்டை வைத்தால் வீண் என்று தெரிந்தது. அடியில் காற்றுப் போகிற மாதிரி கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், வெளிச்சத்தில் வைத்தேன், தின்னவும் குடிக்கவும் தாராளமாகக் கொடுத்தேன். வயிறு குளிர்ந்தது, அடை தெளிந்தது, கொஞ்ச நாளில் மறுபடியும் முட்டையிட்டது. அவ்வளவு சுலபம். போன வருஷம் என்னுடைய பழைய கோழிக்கு மதினி செய்த மாதிரி மூக்குத் துவாரத்தில் இறகைச் சொருகத் தேவையில்லை. தீபாவளிக்கு வந்திருந்தார்கள். நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இறகைக் கோத்துவிட்டிருந்தார்கள், கோழி தலையை உதறிக்கொண்டு பைத்தியம் பிடித்த மாதிரி வாசலில் சுற்றியது. "அடை தெளியணும்ல? நீ படிச்சவ, உனக்கு இதெல்லாம் தெரியாது இந்திராணி." அவர் பக்கத்தில் நின்று, அக்கா கை வேலையைப் பார் என்று பெருமைப்பட்டார். சரி. இந்த வெடைக்கு வருகிறேன். இது வேறு. மூன்று நாள் கூமுட்டைகளை வைத்துச் சோதித்தேன். தட்டுச் சத்தத்துக்கு அசையவில்லை. கை நீட்டினால் உடம்பைத் தரையோடு தட்டையாக்கிக்கொண்டு, பாம்பு மாதிரி சீறியது. பிறகுதான், பொழுது சாய்ந்த பிறகு, நல்ல முட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றி வைத்தேன். அது என் விரலையே முட்டை என்று நினைத்து அலகால் உள்ளே இழுத்துக்கொண்டது. முந்தாநாள் செல்போன் விளக்கை வைத்து ஒரு முட்டையைப் பார்த்தேன். உள்ளே பாதிக்கு மேல் கறுப்பு. விளிம்பில் சிவப்பு நரம்புகள். கறுப்பு அசைந்தது. கால் மாதிரி ஏதோ ஒன்று ஓட்டை உதைத்தது.

அது ஏன் அந்த மூலைக்கே போகிறது என்று அவர் கேட்கிறார். கூடத்திலிருந்து, நாற்காலியை விட்டு எழாமல். "முட்டை கண்ணு முன்னால இருக்குல்ல? பாத்துட்டுப் போய் உக்கார வேண்டியதுதானே. என்ன அறிவு கெட்ட கோழி." அறிவு கெட்டது கோழியா? கண்ணால் பார்த்து உட்காருகிற காரியம் இல்லை அது. நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒன்பது வருஷம், அருப்புக்கோட்டையில் மாடியில் எட்டு மெஷின் போட்டு ஜோதி தட்டச்சுப் பயிலகம் நடத்தினேன், வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாள் சொல்கிற முதல் வார்த்தை அதுதான், கீழே பார்க்காதே. ஏ எஸ் டி எஃப். கண்ணை விரலுக்குக் கொடுக்காதே. எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டாம், விரலுக்கு இடம் தெரிந்தால் போதும். பழகிய பிள்ளையின் மெஷினில் ஒரு சாவியை மாற்றிப் போட்டால், எழுத்து எதிரே பளிச்சென்று தெரிந்தாலும் விரல் பழைய இடத்தில்தான் போய் விழும். அது விரலின் முட்டாள்தனமா? அந்த விரலை அந்த இடத்துக்குக் கொண்டுவர மாதக்கணக்காக ஆகியிருக்கிறது. இந்தக் கோழி உடம்பு முழுக்க விரல். மூலையின் இருட்டு, சுவரின் ஈரம், கதவிடுக்கில் வருகிற கீற்று வெளிச்சம், எல்லாம் சேர்ந்ததுதான் அதற்கு முட்டை. அதைத் தனியாகப் பிரித்துக் கூடையில் வைத்துத் தூக்கிப் போக முடியாது.

பயிலகத்தையும் அப்படித்தான் தூக்கினார். சித்தி மகள் கல்யாணத்துக்கு ராஜபாளையம் போயிருந்தேன், நான் இல்லாத நாலே நாள். கருவூலத்தில் அவருக்கு வேலை, மாற்றல் வருவது வழக்கம்தான், சிவகங்கைக்குப் போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து மாடியேறினால் பூட்டு மாறியிருக்கிறது. "மாணிக்கவாசகம் எடுத்துக்கிட்டாரு. நல்ல மனுசன். எட்டு மெஷினையும் ஒரு கீறல் இல்லாம ஒப்படைச்சேன்." கீறல் இல்லாமல். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம், ஹையர் எழுத வேண்டிய பிள்ளைகள் பன்னிரண்டு பேர், அதில் ஒருத்தி இடது கை மோதிர விரல் இல்லாதவள், அவளுக்கென்று நான் தனியாக விரல் முறை எழுதிக் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். மாணிக்கவாசகத்துக்கு அது தெரியுமா? அவள் பாஸ் பண்ணினாளா? கேட்டுக்கூடப் பார்க்கவில்லை, நான் "சரி" என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன். எனக்கு எப்போதும் கோபம் பஸ் புறப்பட்ட பிறகுதான் வரும். சிவகங்கை, பரமக்குடி, முதுகுளத்தூர், மறுபடியும் பரமக்குடி, ஒவ்வொரு ஊரிலும் நான் போய் இறங்கும்போது கட்டில் போட்டாகியிருக்கும், அடுப்பு எந்தப் பக்கம் என்று முடிவாகியிருக்கும், போய் உட்கார வேண்டியதுதானே என்கிற மாதிரி. உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தேன். அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், நான் இனிமேல் லாரி வராது என்று சந்தோஷப்பட்டேன்.

பஞ்சாரத்தை மேலே கவிழ்க்கிறேன். உள்ளே கூடை, கூடைக்குள் வெடை. வேறு போக்கில்லை என்றால் உட்காரும் என்றாள் புஷ்பம், அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். உட்காரவில்லை. மூங்கில் இடுக்கு வழியாகத் தலையை விட்டு, பின்னறைக் கதவைப் பார்த்துக் கத்துகிறது. சுற்றுகிறது. முட்டைகள் மேலேயே சுற்றுகிறது, கால் எங்கே படுகிறது என்று அதற்கு நினைப்பில்லை, எந்த முட்டையையும் ஒரு நாளும் மிதிக்காத கோழி. மெல்லிய சத்தம், மண் சட்டியில் நகம் பட்ட மாதிரி. பஞ்சாரத்தைத் தூக்கி எறிந்தேன். ஒரு முட்டை நடுவில் பிளந்திருந்தது. மஞ்சள் கரு கொஞ்சம்தான் மிச்சம். மீதி எல்லாம் குஞ்சு. நனைந்த இறகு, மூடிய கண், அலகு நுனியில் ஓட்டை உடைப்பதற்கென்றே வந்த அந்த வெள்ளைப் புள்ளி. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. உள்ளங்கையில் எடுத்து ஊதினேன், என் வாய்ச் சூட்டை அதன் மேல் ஊதினேன், முந்தானையில் சுற்றினேன். இன்னும் ஒரு தடவை வாயைத் திறந்தது. அப்புறம் திறக்கவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நல்லது. அழுதால் அவர் எழுந்து வந்து தோளைத் தட்டுவார், போகட்டும் விடு, கோழிதானே என்பார், நான் மூக்கைச் சிந்திக்கொண்டு மதினிக்கு உப்புமா கிண்டப் போவேன்.

கூடத்துக்குப் போனேன். கையை விரித்துக் காட்டினேன். அவர் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், பிறகு உண்மையாகவே வருத்தப்பட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும், கல் மனசுக்காரர் இல்லை. "அடடா. பஞ்சாரத்தை எதுக்குடி போட்ட?" "கூடையப் பழைய இடத்துல வைக்கப் போறேன்." "இந்தா பாரு, அக்காவுக்குக் கண்ணு ஆபரேஷன். கோழி கெடந்த எடத்துல படுக்க வச்சா சீழ் புடிச்சிராதா? கோழிப்பேன் வேற. அவளுக்கு இழுப்பு வேற இருக்கு. ஒரு கோழிக்காக அக்கா கண்ணப் பணயம் வைக்கச் சொல்றியா?" நியாயம். அவர் பேசுவது எப்போதும் நியாயமாகவே இருக்கும், அதுதான் என்னைத் தின்கிறது. காலையில் நான் சொன்னபோது அந்த நியாயத்துக்கும் சேர்த்துத்தானே வழி சொன்னேன், மதினி நம் அறையில் படுக்கட்டும் என்று? "நம்ம ரூம்ல படுக்கட்டும்னு சொன்னேனே. கேக்கலையா?" "நம்ம ரூம்லயா? என் பீரோ, என் மாத்திரை டப்பா, டேபிள், எல்லாம் அங்கதானே இருக்கு? நான் எங்க போறது?" கேட்டுவிட்டு என்னையே பார்க்கிறார். கேலி இல்லை. நடிப்பு இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார். செல்போன் அடித்தது. அவர் எடுத்தார், தள்ளி நிற்கிற எனக்கே அங்கிருந்து வருகிற குரல் கேட்கிறது. "கதிரேசா, பஸ்ஸ்டாண்டுல எறங்கிட்டேன். மழை பெய்யுதுடா. வந்து கூட்டிட்டுப் போ." குடையை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பி, வாசலில் நின்று சொல்கிறார், "அந்தக் கோழிய எங்கயாச்சும் கட்டிப் போடு, அக்கா வர்ற நேரம்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பும் வரைக்கும் நான் அசையவில்லை. ஏன் இன்னும் நிற்கிறேன்? யார் சொல்ல வேண்டும்? முட்டைகள் கேட்குமா? கேட்டுச் செய்தவர் யார் இந்த வீட்டில்? ஷெட்டுக்குப் போனேன். செத்த குஞ்சையும் உடைந்த ஓட்டையும் ஈரமான வைக்கோலையும் எடுத்துப் போட்டேன், மிச்சப் பத்தையும் என் சேலை மடியில் கட்டிக்கொண்டு, வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கூடையைத் தூக்கினேன். சில்லென்று வயிற்றில் பட்டது. பின்னறையில் வெடை தன் வெறும் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கட்டிலை இழுத்தேன், புதுக் கட்டில், கனம், கால்கள் தரையைக் கீறிக்கொண்டு வந்தன, கீறட்டும். வெடையை ஒதுக்கிவிட்டுக் கூடையை மூலையில் வைத்தேன், கைப்பிடி முன்பு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமாகவே. முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். கதவை அதே அளவுக்குச் சாத்தி, அந்தக் கீற்று வெளிச்சம் சுவரில் முன்பு விழுந்த இடத்திலேயே விழுகிறதா என்று பார்த்தேன். பிறகு எங்கள் அறைக்குப் போய் அவருடைய மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு, வேட்டிகள், ரேடியோ, கழுத்து வலிக்கு வைத்துக்கொள்கிற அந்த உருளைத் தலையணை, எல்லாவற்றையும் அள்ளிக் கூடத்தில் நாற்காலி மேல் குவித்தேன். மதினிக்கு மெத்தையில் துவைத்த விரிப்புப் போட்டேன். ஜன்னலைத் திறந்தேன், காற்று வரட்டும், இழுப்புக்கு நல்லது. பயம் இல்லை. பயமும்தான்.

மதினி கறுப்புக் கண்ணாடியோடு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர் பின்னால் குடையோடு. நாற்காலியைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "என்ன இது? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" நான் வாயைத் திறப்பதற்குள் மதினி குறுக்கே வந்தார்கள். "என்னடா இது, கோழி எதுக்குக் கூடைக்கு வெளிய நிக்குது?" கண் சரியாகத் தெரியாதாம், கோழி மட்டும் தெரிகிறது. அவர் சொன்னார், கூடையை ஷெட்டுக்கு மாற்றியதை, பூ மாதிரித் தூக்கிப் போனதை, அக்கா வசதிக்காகத்தான் என்பதை. மதினி தலையில் அடித்துக்கொண்டார்கள். "கூறு கெட்டவனே, அடை கெடக்கிற கோழிய எவனாச்சும் பட்டப்பகல்ல எடம் மாத்துவானா? அது எடத்தைத்தான்டா பாக்கும், முட்டையவா பாக்கும்? சின்னக் கோழி வேற. இனி அது பக்கத்துல போகாத. எனக்கு எங்க பாய் விரிச்சாலும் தூக்கம் வரும்." "அப்படியாக்கா? எனக்குத் தெரியாம போச்சே." உடனே. ஒரு மூச்சில். முகம் சுருங்கி, பிள்ளை மாதிரி, குடையை மடக்கிக்கொண்டே, "சரிக்கா, இனிமே தொடல." நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இதத்தான் நான் காலையிலேருந்து சொல்றேன்." "நீ எங்க சொன்ன, நீ கோவப்பட்ட. அக்கா எடுத்துச் சொல்றா."

காலையில் இட்லிக் கொப்பரையோடு நின்று, எவ்வளவு மெதுவாகச் சொன்னேன். குரல் உயரவே இல்லை. கையில் செத்த குஞ்சை வைத்துக்கொண்டு நின்றபோதும் குரல் உயரவில்லை. என் கோபத்தை அவர் பார்த்ததே கிடையாது, இன்று வரைக்கும், ஒரு தடவைகூட. நான் சொல்கிற எதுவும் அவர் காதுக்குள் போகும்போதே கோபமாக மாறிவிடுகிறது, கோபம் என்றால் கேட்க வேண்டியதில்லை, ஆற விட்டால் போதும். அக்கா சொன்னதை அவர் ஆற விட வேண்டியிருக்கவில்லை. மூக்கில் இறகு கோத்த அக்கா சொன்னாலும் உடனே கேட்கிறது. மதினி பாவம், என் பக்கம் பேசினார்கள், அவர்கள் மேல் எனக்கு நன்றி வர வேண்டும், வரவில்லை, அது இன்னும் எரிகிறது. "மதினி, உங்களுக்கு எங்க ரூம்ல படுக்கை போட்டிருக்கேன். போய்ச் சாஞ்சிக்கோங்க." "நீ எங்கம்மா படுப்ப?" "இங்க." பின்னறையைக் காட்டினேன். "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இங்கதான்." "அப்ப நான்?" என்றார் அவர். நான் அவர் பொருள்கள் குவிந்த நாற்காலியைப் பார்த்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

இருட்டு. கதவிடுக்கில் அந்தக் கீற்று வெளிச்சம் மட்டும் வருகிறது. தரையில், சுவரோடு முதுகைச் சாய்த்து, மூச்சு விடுகிற சத்தம்கூட வராமல் உட்கார்ந்தேன். வெடை கூடைக்கு முன்னால் நிற்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறது, மறுபக்கம் சாய்த்து மறு கண்ணால் பார்க்கிறது. எவ்வளவு நேரம் ஆகிவிட்டது? ஓரத்தில் இருந்தவை பிழைக்காமல் போகலாம். நடுவில் இருந்தவை பிழைக்கலாம், இத்தனை நாள் வளர்ந்த குஞ்சுக்கு உள்ளேயே கொஞ்சம் சூடு உண்டு. எத்தனை பிழைக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வெடை ஒரு காலைத் தூக்கிக் கூடை விளிம்பில் வைத்தது. எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. கதவு தட்டப்பட்டது, மெதுவாக, ஒரு விரலால். "இந்திராணி. இந்தா. அக்காவுக்குக் காப்பி?" வெடை கதவைப் பார்த்துச் சீறியது. பிறகு உள்ளே இறங்கி, உடம்பை விரித்து, பத்து முட்டைகளையும் தனக்கடியில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. "இந்திராணி, காப்பித் தூள் எங்க இருக்கு?" ஒன்று சிறகுக்கு வெளியே உருண்டு கிடந்தது. அலகால் அதைத் தொட்டது. இழுத்தது. அவர் தேடட்டும்.